நல்லம்மாளின் முழுக்கைச் சட்டை

“எல்லாரும் முழுக்கைச் சட்டை, தலைக்குத் தொப்பி. இல்லாட்டி டீம்ல இடமில்ல லா.”

கேன்டீன் மேசையைத் தட்டி நல்லம்மாள் அறிவித்ததும் சுற்றியிருந்த எட்டுப் பெண்களும் வாயைப் பிளந்தார்கள். மலேசியாவில், கிள்ளானை அடுத்த மேருவில் இருக்கும் அந்த ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு விழா. பெண்களுக்கான கயிறு இழுக்கும் போட்டியில் பரிசோதனைப் பகுதிக்கு நல்லம்மாள்தான் தலைவி.

“மத்தியானம் ரெண்டு மணி வெயில்லயா அக்கா? அவிஞ்சு போயிடுவோம்,” என்றாள் புஷ்பவல்லி.

“அடுத்த வாரம் என்னைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. கறுத்துப்போய் நிக்க முடியாது. நான் மட்டும் மூடிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? எல்லாரும் போடுங்க.”

முப்பத்து நாலு வயதில் பெண் பார்க்க வருகிறார்களாம். அவள் அந்தப் பக்கம் போனதுதான் தாமதம், மேசையே குலுங்கும்படி சிரித்தார்கள்.

அதே மேசையில் இருந்த மாரியாயிக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

அவளுக்கு மணிக்கட்டும் விரல் மூட்டுகளும் வீங்கி, கிள்ளானில் ஒரு டாக்டரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்து மூன்று வாரமாகிறது. “மூட்டுவாதத்துக்கு நல்ல மருந்து. ஆனா வெயில் ஒத்துக்காது. வெளியே போனா உடம்பை மூடிக்கிட்டுப் போங்க,” என்று அவர் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துணி காயப்போட்ட அரை மணி நேரத்தில் தோள்பட்டை சிவந்து கொப்புளம் கண்ட பிறகுதான் பயம் பிடித்தது.

யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிற வேலை அது. கைவலி என்று வாய் தவறிச் சொன்ன பவுனம்மாளை மறு மாதமே நிறுத்திவிட்டார்கள். மாரியாயியின் சம்பளத்தை நம்பி வீட்டில் மூன்று வயிறு இருக்கிறது.

கயிற்றைத் தொடாமல் தப்பிக்க, ஓரமாக நின்று குரல் கொடுக்கிற வேலையை இந்த வருஷம் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆனால் வெயிலில் இருந்து எப்படித் தப்புவது? தான் மட்டும் முழுக்கைச் சட்டையில் போய் நின்றால் சூப்பர்வைசர் கன்னையா சும்மா விடுவாரா? என்ன ஏது என்று துருவித் துருவிக் கேட்டு விஷயத்தைக் கறந்துவிடுவார். இரண்டு ராத்திரியாக இந்த யோசனையில் தூக்கமே இல்லை. எந்த மகராசனோ நல்லம்மாளைப் பார்க்க வருகிறான், அவன் நன்றாக இருக்கட்டும்.

ஆனாலும் சந்தேகம் தன் பக்கம் திரும்பிவிடக் கூடாதே. அதனால் எல்லோரையும்விடச் சத்தமாக அவளே கேலி செய்தாள்.

“இனிமே கறுக்கிறதுக்கு அக்காகிட்ட என்ன மிச்சம் இருக்கு?”

இந்த வார்த்தை சாயங்காலத்துக்குள் தொழிற்சாலை முழுக்கப் பரவிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன்மார், புருஷன்மார் சட்டைகளைப் போட்டுக்கொண்டு, ஓலைத் தொப்பியும் மாட்டிக்கொண்டு ஒன்பது பெண்களும் திடலில் இறங்கினார்கள். கூட்டம் விசில் அடித்தது. கன்னையாவே மைக்கைப் பிடித்து, “மாப்பிள்ளை வந்தாச்சாம்மா?” என்றார். நல்லம்மாள் கயிற்றின் கடைசி முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டாள்.

முதல் ஆட்டம் பேக்கிங் பகுதிக்கு. இரண்டாவது இவர்களுக்கு. மூன்றாவதில் கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி இந்தப் பக்கமும் நகரவில்லை, அந்தப் பக்கமும் நகரவில்லை. பிறகு மெல்ல மெல்ல எதிர்ப்பக்கம் போக ஆரம்பித்தது. புஷ்பவல்லியின் கால் வழுக்கியது.

மாரியாயி கயிற்றை ஒட்டி ஓடி வந்தாள். “சத்து... துவா... தாரிக்!” என்று, ‘ஒன்று, இரண்டு, இழு’ என்பதை மலாய் மொழியில் சொல்லி, தொண்டை கிழியக் கூவினாள். எட்டுப் பேரும் ஒரே மூச்சில் பின்னுக்குச் சாய்ந்தார்கள். துணி நின்றது. மறுபடியும் கூவினாள். துணி இந்தப் பக்கம் ஒரு சாண் வந்தது. மூன்றாவது கூவலில் பேக்கிங் பகுதி மொத்தமும் கோட்டைத் தாண்டி வந்து குப்புற விழுந்தது.

திடலே அதிர்ந்தது. அழுகிறவர்கள் அழுதார்கள், ஆடுகிறவர்கள் ஆடினார்கள். மாரியாயியின் தொப்பி எங்கே போனது என்றே தெரியவில்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, நடுத்திடலில் கோப்பையுடன் நின்ற நல்லம்மாளிடம் ஓடினாள். சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா?

“அப்படியே நில்லுங்கக்கா. மாப்பிள்ளை பார்த்தார்னா இன்னிக்கே தாலி கட்டிடுவார்.”

நல்லம்மாள் கோப்பையைப் புல்லில் வைத்தாள். தன் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மாரியாயிக்கு மாட்டினாள். அவள் சட்டைக் கைகளை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டு, ஒவ்வொரு பித்தானாகப் போட்டுவிட்டாள்.

“எந்த மாப்பிள்ளை?” என்றாள் மெதுவாக. “எங்க சொந்த அக்காவும் அதே மாத்திரைதான் சாப்பிடுது. கேன்டீன்ல நீ ஒளிச்சு ஒளிச்சு முழுங்கினதைப் பார்த்தேன். உன்னை ஒருத்தரும் கேள்வி கேட்டுடக் கூடாதேன்னுதான், என்னைப் பார்த்து எல்லாரும் சிரிக்கட்டும்னு விட்டேன்.”