உவர்த் தண்ணீர்

கஸ்தூரிக்கு மூன்றாவது கருவும் கலைந்தபோது, பண்டசோழநல்லூர் வைத்தியர் அவள் நாக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "உவர்த் தண்ணி குடிச்சிக் குடிச்சி இவ ரத்தத்துல உவர்க்காரம் ஏறிப்பூடுச்சி. இதுல புள்ள தங்காது."

அவள் புருஷன் அரங்கநாதனுக்கு வெறி தலைக்கேறியது. பாகப்பிரிவினையில் நல்ல தண்ணீர்க் கிணறு அண்ணன் சிங்காரவேலுவுக்குப் போயிருந்தது. இவனுக்குக் கிடைத்தது உவர்க் கிணறு. மூன்று வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சே இல்லை.

கொடுவாளோடு போய் அண்ணனைக் கிணற்றடியிலேயே மடக்கினான்.

"என் மூணு புள்ளையையும் கொன்னவன் நீதான்டா!"

முதல் வெட்டு தோளில் விழுந்தது.

"டேய், கஸ்தூரியக் கேளுடா!" என்று அலறினான் சிங்காரவேலு.

"என் பொண்டாட்டி பேர எடுக்கிறியா?"

அடுத்த வெட்டு கழுத்தில் இறங்கியது.

புதுச்சேரிக் கோர்ட்டில் கொலை வழக்கு நடந்தபோது, வைத்தியரின் பேச்சைப் பற்றிப் பிரெஞ்சு டாக்டர் சொன்னதைத் துபாஷி தமிழில் சொன்னார். "எதைத் தின்றாலும், எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் ரத்தத்தில் புளிப்போ உவர்க்காரமோ ஏறிவிடாது. மூச்சும் சிறுநீரும் அதை ஒரே அளவில் வைத்திருக்கும்."

"பொய்!" என்று கத்தினான் அரங்கநாதன். "அந்த உவர்த் தண்ணிதான் அவளக் கெடுத்துச்சி!"

கூட்டத்திலிருந்து கஸ்தூரி எழுந்தாள்.

"அந்தத் தண்ணி எனக்குக் கொமட்டும்னு இவுரு அண்ணனுக்குத் தெரியுங்க. இவுரு வயலுக்குப் போனதும், எனக்குன்னு தெனமும் ஒரு கொடம் நல்ல தண்ணி கொண்டாந்து வெப்பாரு. தம்பிக்குத் தெரிஞ்சா கொட்டிடுவான், சொல்லாதம்மான்னாரு. மூணு வருஷமா உவர்த் தண்ணிய நான் வாயில வெச்சதே இல்லீங்க."