ரயில் சத்தத்துக்குள்

தூண்களின் மேல் ஷட்டில் ரயில் ஓடிய காலத்தில், தண்டவாளத்தை ஒட்டிய குடியிருப்பில் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. வாய்விட்டுச் சொல்லக்கூடாததை, ரயில் ஜன்னலைக் கடக்கும்போது சொல்லிவிடுவார்கள். இரைச்சலில் யாருக்கும் கேட்காது. படுத்த படுக்கையாகிவிட்ட புருஷன் சற்குணத்தின்மேல் இருந்த ஆத்திரத்தை வைஜெயந்தியும் அப்படித்தான் அடுப்பைப் பார்த்துக் கொட்டுவாள்.

ரயிலை நிறுத்தித் தூண்களையும் இடித்தாயிற்று. சற்குணமும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வருஷத் திதிக்கு வந்த மகள் நித்திலா, “அப்பா குரலைக் கேக்கலாம்மா” என்றாள். சுவரில் பதித்த ஒலிப்பதிவுக் கருவியால் வீடு, தன் காதில் விழுந்ததையெல்லாம் சேர்த்து வைத்திருந்தது. “குறுக்கே வர்ற ரயில் சத்தத்தை மட்டும் எடுத்துட்டேன்.”

வைஜெயந்தி தடுப்பதற்குள் அவளுடைய பழைய குரலே துல்லியமாகக் கேட்டது. “செத்துத் தொலைய மாட்டேங்கிறியே.”

நித்திலா அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து சற்குணத்தின் குரல், கோபமே இல்லாமல். “இன்னும் கொஞ்ச நாள்தான், வைஜி.”

நாளெல்லாம் கிடந்தே கேட்ட அவர் காதுக்கு அந்த இரைச்சல் பழகிப்போய், அதற்குள் பேசுவதும் கேட்டிருக்கும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அடுத்த ரயிலிலும் அதே பேச்சு, அதே பதில்.

வைஜெயந்தி ஜன்னலைப் பார்த்தாள். வெறும் வானம்.

“அந்த ரயிலைத் திரும்பப் போடுடி” என்றாள்.