புது வீட்டுப் பலகாரம்

"வகுப்புல இருபது பேருங்க. கொரியாவுலேயே இருந்தும் அதுல கொரியப் பிள்ளை நம்ம கியூமின் ஒருத்தன்தான்" என்றாள் நாம்ஹி.

"டீச்சர் நல்லவங்கதானே?" என்றான் கணவன் தெசோக்.

"நல்லவங்கதான். ஆனா பக்கத்துல உட்கார்றது உஸ்பெக் பொண்ணு. இப்படியே போனா இவனுக்குச் சொந்த மொழியே மறந்துடும்!"

அந்த மாதமே ஆற்றுக்கு அக்கரையில் வீடு பார்த்து, பள்ளியையும் மாற்றிவிட்டார்கள்.

ஆறு வாரம் கழித்து வாசல் மணி அடித்தது. நாம்ஹி கதவைத் திறந்தாள். காராமணி தூவி அவித்த அரிசிப் பலகாரத்தை ஆவி பறக்க நீட்டினாள் ஒருத்தி. கொரிய வழக்கப்படி புதிதாகக் குடிவந்தவர்கள் அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது அது. குடிவந்தபோது நாம்ஹி யாருக்கும் கொடுக்கவில்லை.

வந்தவள் அந்த உஸ்பெக் சிறுமியின் தாய், ஸுல்ஃபியா.

"மேல் மாடிக்குக் குடிவந்திருக்கோம் அக்கா" என்றாள் கொரிய மொழியில் தட்டுத் தடுமாறி. "எங்க நிகோராவுக்குக் கொரிய மொழி பேசக் கத்துக்கொடுத்ததே உங்க பையன்தான். அவன் போனதுலேருந்து வகுப்புல இவ வாயே திறக்கல. அதான் டீச்சர்கிட்ட கேட்டுக்கிட்டு இங்கேயே வந்துட்டோம்."

தட்டு நாம்ஹியின் கையைச் சுட்டது.

உள்ளேயிருந்து கியூமின் ஓடிவந்தான். ஸுல்ஃபியாவின் பின்னாலிருந்து நிகோரா எட்டிப் பார்த்தாள்.

"நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே எல்லா வீட்டுக்கும் கொடுத்துட்டோம். சரிதானே?" என்றாள், பிசிறில்லாத கொரிய மொழியில்.