ஆறாம் எண் நோயாளி

“இந்த ஆளை அறுக்க வேண்டாம்” என்றார் டாக்டர் ஸ்லாவ்கோ.

மேசையைச் சுற்றியிருந்த நான்கு பேரும் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்கள். ஒசியெக் நகரத்தில் இருபத்தாறு வருடமாக வயிற்றை அறுத்துக்கொண்டிருப்பவர் அவர். கத்தியைத் தவிர வேறு வைத்தியத்தை நம்பமாட்டார் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பெயர்.

செவ்வாய்தோறும் புற்றுநோய்க் கூட்டம். அறுப்பவர், மருந்து ஏற்றுபவர், கதிர் பாய்ச்சுபவர், மனநலம் பார்ப்பவர், நர்ஸ் என்று எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளிக்கும் சேர்ந்து முடிவெடுப்பார்கள். கோப்பில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அது ஸ்லாவ்கோ கொண்டுவந்த விதி. ஆள் யாரென்று தெரிந்தால் மனசு இளகிவிடும் என்பார்.

இப்போது ஆறாம் எண். அறுபத்தொரு வயது ஆண். பெருங்குடலில் கட்டி. ஸ்கேன் எடுத்தது தலைநகர் ஸாக்ரெபில்.

“பாதிக் குடலை அடைச்சாச்சு. நான் மருந்து ஏத்தி முடிக்கிறதுக்குள்ள முழுசா அடைச்சிடும்” என்றார் மருந்து டாக்டர் விஷ்ன்யா. “உனக்கு என்ன ஆச்சு ஸ்லாவ்கோ? கத்தி மழுங்கிடுச்சா?”

“ஒரே ஒரு மாசம் மருந்து குடுத்துப் பார்க்கலாமே.”

“கதிரும் இதுக்குத் தோதுப்படாது சார்” என்றார் இளைய டாக்டர் டாமிர். “போன வாரம் இதே மாதிரி ஒரு அம்மாவுக்கு, நாளைக்கே அறுக்கணும்னு குதிச்சீங்க.”

“அந்தம்மா பயப்படல. இவன் பயப்படறான்.”

மனநல டாக்டர் யஸ்னா நிமிர்ந்தார். “வீட்டுல யாராவது இருக்காங்களா?”

“சம்சாரம் இருக்கா. அவகிட்ட இன்னும் சொல்லல.”

யஸ்னா கோப்பின் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். “இதுல அப்படி ஒண்ணும் எழுதலையே?”

“விசாரிச்சேன்” என்று முடித்துக்கொண்டார் ஸ்லாவ்கோ.

கை தூக்கச் சொன்னார் விஷ்ன்யா. நர்ஸ் மார்த்தாவையும் சேர்த்து, அறுப்பதற்கு நான்கு கைகள் உயர்ந்தன. ஸ்லாவ்கோவின் கை மேசையிலேயே கிடந்தது.

“நாலுக்கு ஒண்ணு. வியாழக்கிழமை காலையில ஆபரேஷன். கட்டி வேற எங்கயும் பரவல, ஆள் பொழைச்சுக்குவார்.”

“நிச்சயமாவா?”

அந்த அறையில் ஸ்லாவ்கோ இதற்கு முன் யாரிடமும் கேட்காத கேள்வி அது.

“நல்லா கேட்ட போ! ஊருக்கே நீதான் சொல்ற. இன்னைக்கு என்னைக் கேக்குறியா?” என்று சிரித்தார் விஷ்ன்யா.

ஸ்லாவ்கோ சிரிக்கவில்லை. படிவத்தை இழுத்து, ஒவ்வொரு வரியாகப் படித்து, கூட்டத் தலைவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

மார்த்தா அதை வாங்கிப் பார்த்தார். “ஆபரேஷன் பண்றது யாருன்னு எழுத?”

“இதுல கேக்க என்ன இருக்கு? இந்தக் கட்டிக்கு ஸ்லாவ்கோ சாரை விட்டா வேற கை ஏது?” என்றார் டாமிர்.

ஸ்லாவ்கோ பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“வேற ஆளைப் பாருங்கப்பா. என் வயித்தை நானே எப்படி அறுக்கிறது?”