திரும்பு என்ற கட்டளை

"வேலை முடிஞ்சிடுச்சுன்னு கால்குலேட்டருக்கு எப்படிம்மா தெரியும்?" என்று மகள் ஒருநாள் கேட்டபோது பஷீரா சிரித்தாள். மலேசிய சுதந்திர தினமான இந்த மெர்டேக்கா விடுமுறைக் காலையில் சிரிப்பு வரவில்லை. இயந்திரத்தோடு நேரடியாகப் பேசும் அசெம்பிளி மொழியில் எழுதிய தன் முதல் நிரலின் முடிவில், வேலை முடிந்தது என்று சொல்லும் 'திரும்பு' என்ற கட்டளையை எழுத மறந்திருக்கிறாள். இரவல் வாங்கிய கிராஃபிக் கால்குலேட்டர் எந்தப் பொத்தானுக்கும் அசையாமல் உறைந்து கிடக்கிறது. உள்ளே, சக ஆசிரியை கமலவேணி ஓராண்டாய்ச் சேர்த்த கணக்குகள். "டீச்சர், உங்க கால்குலேட்டர சாகடிச்சிட்டேன்," என்று தொலைபேசியில் அழுகிறாள். "ஐயோ, அழாதலா! நானே மூணு தடவை சாகடிச்சிருக்கேன். கணக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல காப்பி இருக்கு. ஒரு பேட்டரியக் கழட்டி மாட்டு." கழற்றி மாட்டுகிறாள். மலாக்காவின் காஜா பெராங் வட்டாரத்து வெயில் விழும் சாம்பல் திரையில் சிறு கறுப்புக் கட்டம் விட்டுவிட்டு மினுங்குகிறது. "அல்ஹம்துலில்லாஹ்," என்று வாய்விட்டுச் சொல்கிறாள். வீட்டில் வேறு யாருமில்லை. திருப்பிக் கொடுக்கும் முன், பழைய பேட்டரிகளுக்குப் பதில் புதியவை நான்கைப் போட்டு, மூடியை மெல்ல அழுத்துகிறாள்.