விட்டதா, விடுபட்டதா

இரண்டு நிமிடம் குலுக்கினால் போதும் என்று வார்னிஷ் ஸ்ப்ரே டப்பாவிலேயே எழுதியிருந்தது. அவன் பத்து நிமிடமாகக் குலுக்கிக்கொண்டிருந்தான்.

உள்ளே இருந்த குண்டு கடகடவென்று உருண்டது.

மொட்டைமாடியின் மூலையில், காற்றுக்கு மறைவாக ஒரு பெரிய அட்டைப்பெட்டியைச் சாய்த்து, அதற்குள் மனைவியின் படத்தை நிறுத்தியிருந்தான். அவள் கடைசியாகச் செய்தது. அவள் இறந்து ஏழு வாரம் ஆகிறது.

நான்கு மணிக்குக் கண்காட்சிக்காரர்களின் வண்டி வரும். அதற்குள் மூன்று பூச்சு அடிக்க வேண்டும். மூன்றும் காய வேண்டும்.

பெட்டியை இடப்பக்கம் திருப்பினான். மறுபடி வலப்பக்கம் திருப்பினான். மாடிப்படி வரை போனான். வந்தான்.

"அத்தான், ஒரு எடத்துல நில்லுங்களேன், எனக்குத் தலை சுத்துது," என்றாள் கொழுந்தியாள், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தபடி. "கால்ல சக்கரம் கட்டிக்கிட்டே பொறந்தீங்களா? கல்யாண போட்டோவுல பாதிக்கு மேல நீங்க அசைஞ்சு கலங்கலாத்தான் இருக்கீங்க."

"தூசி பறக்குது," என்றான்.

தூசி எதுவும் பறக்கவில்லை. கொடியில் கிடந்த துண்டுகூட ஆடவில்லை.

ஊசியால் கீறிச் செய்த படம் அது. வெள்ளைக் களிமண் பூசிய பலகையில் கறுப்பு மை ஏற்றியிருக்கும். கீறிய இடம் வெளிச்சம். கீறாத இடம் இருட்டு. மேலே வார்னிஷ் அடித்துவிட்டால் கதை முடிந்தது. அதற்குப் பிறகு ஊசி வைத்தால் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வரும்.

காலையில் பார்த்தபோது கறுப்பின்மேல் அவளுடைய விரல் தடம் இரண்டு இருந்தது. மெல்லிய துணியால் துடைத்துவிட்டான். துடைக்காமல் பூசினால் அசிங்கமாக அப்படியே தங்கிவிடும் என்று அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

அது எளிதாகத்தான் இருந்தது.

இப்போது டப்பாவின் தலையை அழுத்த விரல் வரவில்லை.

படத்தில் அவர்கள் வீட்டுக் கூடம். ஜன்னல். ஜன்னல் வழியே இறங்கிய வெயில். சோபாவின் இடப்பாதி, நூல் நூலாக. வலப்பாதி முழுக்கக் கறுப்பு. ஒரு கீறல் கிடையாது.

அதில்தான் சிக்கல். வேண்டுமென்றே விட்டதா, விடுபட்டதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே கறுப்பு.

பார்த்தவர்கள் எல்லாரும் அந்த இருட்டைத்தான் மெச்சினார்கள். மரச்சட்டம் போடுபவர், படத்துக்கு உயிரே அங்கேதான் என்றார். கண்காட்சி நடத்தும் அம்மா ஒரு படி மேலே போய்ப் பெயரும் வைத்துவிட்டார்: 'பாதி'. அழைப்பிதழில் அச்சாகியும் விட்டது.

கொழுந்தியாளின் கைப்பேசி அடித்தது. பேசி முடித்து எழுந்து வந்தாள்.

"வண்டி கிளம்பிடுச்சாம்." பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். "ஏன் அத்தான், இது முடிஞ்ச படம்தானே? அக்கா உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

முடியவில்லை என்றால் வண்டியைக் காலியாகத் திருப்பி அனுப்ப வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். சொல்ல வேண்டியிருக்கும்.

"முடிஞ்சதுதான்," என்றான்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினான். ஒன்றரைச் சாண் தள்ளி, இடமிருந்து வலமாக, எங்கும் நிறுத்தாமல்.

ஈரத்தில் கறுப்பு இன்னும் கறுத்தது. கண்ணாடிபோலப் பளபளத்தது. சோபாவின் வலப்பாதியில், கையில் டப்பாவோடு ஓர் ஆள் தெரிந்தான்.

அந்தப் பாதியில்தான் அவள் அவனை உட்காரச் சொன்னாள். அரைமணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தால் போதும், அவனை வரைந்துவிட்டால் படம் முடிந்தது என்றாள். நான்கு சனிக்கிழமை கேட்டாள். நான்கு தடவையும் அடுத்த வாரம் என்றான்.

பூச்சு காயும்வரை அவன் அசையவில்லை.