முதல் மடக்கு

கஷாயத்தை வடிகட்டி டம்ளரைக் கையில் எடுத்த தங்கச்செல்வி, வழக்கம்போல முதல் மடக்கைத் தான் குடிக்க வாயருகே கொண்டுபோனாள்.

"குடிக்காத" என்றார் ஐயாத்துரை.

அவள் நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தாள். நான்கு வருடங்களாக அதே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அவர் சொல்லிவந்த சொல் 'குடி' என்பதுதான்.

திருச்சுழிக்கு மருமகளாக வந்த மறுவாரமே இந்த வேலை அவளிடம் வந்துவிட்டது. ஐயாத்துரைக்கு இளைப்பு. பனி விழுந்தாலும் கரிசல் புழுதி பறந்தாலும் நெஞ்சு விசிலடிக்கும். வேலியில் பறித்த ஆடாதோடை இலையும் இடித்த திப்பிலியும் போட்டு, நாலு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சி, பனங்கற்கண்டு சேர்த்துக் கொடுத்தால்தான் அவருக்கு மூச்சு ஒரு நிலைக்கு வரும்.

அடுப்படியில் காய்ச்சக் கூடாது. முற்றத்தில், அவர் கண்ணுக்கு நேராகக் கல் கூட்டிக் காய்ச்ச வேண்டும். காய்ச்சியவள் முதலில் ஒரு மடக்குக் குடிக்க வேண்டும். அதன்பின் அவர் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகுதான் டம்ளரை வாங்குவார்.

சின்ன வயதில், சொத்துத் தகராறு நடந்துகொண்டிருந்த வீட்டில், தன் சித்தப்பா சாப்பிட்ட இலையிலேயே வாயில் நுரை தள்ளிச் சாய்ந்ததைப் பார்த்தவர் அவர். அதற்குப் பிறகு யார் கையாலும் எதையும் நம்பி வாங்கியதில்லை. மனைவி இருந்தவரை மனைவி குடித்துக் காட்டினாள். அவள் போன பிறகு மருமகள்.

"அப்பா அப்படித்தான். ஒரு மடக்குதானே" என்றான் அவள் கணவன் காசிராஜன். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

கசப்பு மத்தியானம்வரை நாக்கில் நிற்கும். அதுவும் அவளுக்குப் பழகிப்போயிற்று.

இன்று ஐயாத்துரை கையை நீட்டினார்.

"இங்க கொண்டா, தாயி."

அவர் அவளைத் தாயி என்று கூப்பிட்டதே இல்லை. அவள் டம்ளரைக் கொடுத்தாள். வாங்கியவர் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். காசிராஜன் கடை திறக்கப் போய்விட்டான். பக்கத்து வீட்டு ரேடியோவில் மாநிலச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"நேத்து அருப்புக்கோட்டைல திப்பிலி வாங்குறப்ப, இது யாருக்குன்னு கடைக்காரரு கேட்டாரு. எனக்குத்தான்னேன். வீட்ல புள்ளத்தாச்சி யாரும் இருந்தா வாயில வச்சிராம பாத்துக்கங்க, ஆடாதோடை கருவக் கலச்சிரும்னாரு."

தண்ணீர் தெளித்து அணைத்த கருவேல விறகு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடியே சொன்னார்.

"ரெண்டு நாளா நீ கொல்லைல ஓங்கரிக்கிறது கேட்டுச்சு."

தங்கச்செல்வி இப்போது வயிற்றில் இருப்பதைப் பற்றி நினைக்கவில்லை.

முதலாவது, கல்யாணமான வருஷமே தங்கி, மூன்றாம் மாதம் போனது. இரண்டாவது போன ஆடியில். இரண்டு தடவையும் அவள் ஒரு நாள்கூடத் தவறாமல் கஷாயம் காய்ச்சினாள். இரண்டாவதும் போனபோது, "இவளுக்குத் தங்காதுப்பா, மல்லாங்கிணத்துல ஒரு பொண்ணு இருக்கு, பாப்பமா?" என்று மகனிடம் கேட்ட ஐயாத்துரை இதே கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தார். அவள் காதில் விழும்படிதான் கேட்டார்.

காரணம் இதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. அவர் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"முன்னாடி ரெண்டும்..." என்று ஆரம்பித்தார். மூச்சு இரைத்தது.

டம்ளரில் ஆவி அடங்கிவிட்டிருந்தது.

"ஆறிப்போச்சு மாமா. சுட வச்சு வாரேன்" என்று அவள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

முற்றத்து அடுப்பில் நெருப்பு இல்லை. அவள் வீட்டுக்குள் போனாள். அவர் தடுக்கவில்லை.

அடுப்படியில் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் கஷாயத்தைக் கிண்ணத்தில் ஊற்றி ஏற்றினாள். அது கொதித்தது. கொதித்துக்கொண்டே இருந்தது. ஸ்டவ்வின் இரைச்சலை ஒட்டி நின்று அவள் அழுதாள். முற்றத்துக்கு அது கேட்டிருக்காது.

பாதியாகச் சுண்டிய பிறகுதான் இறக்க வேண்டும் என்ற நினைவே வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டம்ளரில் ஊற்றி எடுத்து வந்தாள்.

ஐயாத்துரை இருந்த இடத்திலேயே இருந்தார். நீட்டிய டம்ளரை வாங்கி உள்ளே பார்த்தார். அளவு குறைந்திருந்தது. நிறம் கறுத்திருந்தது. பிறகு அவளைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

இந்த நான்கு வருடங்களில் அவருக்கு விஷம் வைக்க அவளுக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை. இன்று இருந்தது. அதைச் சற்று முன் தன் வாயாலேயே எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

டம்ளரை உயர்த்தி, அண்ணாந்து, அடியில் இருந்த மண்டிவரை குடித்து முடித்தார் ஐயாத்துரை.